எருமை இல்லாத ஊரில் பாலேடு

ஊரில் ஒரு எருமைகூட மிச்சமில்லாத அந்தக் காலையில், ஸக்லூல் வெயிலில் உப்ப வைத்துச் சுட்ட ரொட்டியைப் பிய்த்து, விரல் கனத்துக்குப் பாலேடு தடவி, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தின்றுகொண்டிருந்தான். தின்பதோடு நிற்காமல் சப்புக்கொட்டவும் செய்தான்.

எதிர் பெஞ்சில் ஃபவ்கியா அழுதுகொண்டிருந்தாள்.

ஊரே உஸ்தாதா என்று மரியாதையாகக் கூப்பிடும் வக்கீல் இன்ஷிராவுக்கு அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், வருகிறவர்கள் அழுவது புதிதல்ல. அவள் வாதாடிச் சம்பாதித்ததைவிடக் காணாமல் போனதைக் கண்டுபிடித்துச் சம்பாதித்ததே அதிகம். ஓடிப்போன மாப்பிள்ளை, ஒளித்து வைத்த உயில், ஒரு தடவை பள்ளிவாசலின் ஒலிபெருக்கி. ஸக்லூல் அவளுடைய ஆட்டோக்காரன், உதவியாளன். வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலையைத் தவிர எல்லா வேலையும் செய்வான்.

ஃபவ்கியா சொன்ன கதை ஊருக்கே தெரிந்ததுதான். நைல் கரையில் அந்த வட்டாரம் முழுக்கக் குளிர்காலத்திலிருந்து அதே பேச்சு. வெள்ளை ஜீப்பில் ஒருத்தர் மாட்டுச்சந்தைக்கு வந்தார். சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு தருகிறேன், ஆனால் பணம் ஒரு மாதம் கழித்து என்றார். முதல் மாதம் சொன்னபடி கொடுத்தார். வாங்கியவர்கள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவருக்கு நிம்மதிக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அறுத்து எடைபோட்டு விற்றாலும் அந்த விலை தேறாதே, இந்த ஆளுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்ட ஒன்றிரண்டு பேரைப் பொறாமைக்காரர்கள் என்றார்கள். பேங்க்கை நம்பாத ஊர் அது. கையில் காசு சேர்ந்தால் எருமையாக்கித் தொழுவத்தில் கட்டிவிடும். எருமை விஷயத்தில் எங்களை எவன் ஏமாற்றுவது என்ற திமிர் வேறு. எருமையின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் ஊர், வாங்க வந்தவனின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பெண்கள் வளையலைக் கழற்றி விற்று, அக்கம்பக்கத்து ஊர்களில் எருமை வாங்கி வந்து அவனுக்கே கொடுத்தார்கள்.

போன வாரம் நிம்மதிக்காரரைக் காணவில்லை. ஊர் திரண்டு போய் அவர் பண்ணையை உடைத்தது. எருமைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே லாரி ஏறிக் கசாப்புக்குப் போய்விட்டிருந்தது.

ஃபவ்கியாவின் கணவன் தாபித் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றவன். அவள்தான் விடவில்லை. பக்கத்து வீட்டைப் பார், எதிர் வீட்டைப் பார் என்று நச்சரித்து, வளையல்களை விற்று இன்னொரு எருமை வாங்கி, வீட்டில் பிறந்து வளர்ந்த எருமை நவ்வாராவையும் அதோடு சேர்த்து அனுப்பி வைத்தாள். அதோடு விட்டாளா? அடுத்த வீட்டு விதவை விஸாலையும் பேசிப் பேசிக் கரைத்து, அவளுடைய ஒரே எருமையையும் கொடுக்க வைத்தாள். விஸால் இப்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

"என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் உஸ்தாதா. அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். ஒரு வார்த்தை கேக்கல. செவத்தப் பாத்துப் படுத்தவரு படுத்தவருதான். தொழுகைக்கு மட்டும் எந்திரிச்சுப் போறாரு. நான் வச்ச சோத்தத் தொடுறதில்ல. கரும்புக்கு அடிக்கிற மருந்து டப்பாவத் தூக்கிட்டுப் போயி எங்கண்ணன் வீட்டுல குடுத்து வச்சிருக்கேன். பயமா இருக்கு."

நிம்மதிக்காரரைப் பிடித்துத் தர வேண்டாம், பணமும் வேண்டாம் என்றாள். நவ்வாரா எங்காவது உயிரோடு இருந்தால் தேடித் தர வேண்டும். அது வாசலில் வந்து நின்றால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

லாரி ஏறிய எருமையை எந்த வக்கீலால் திருப்பிக் கொண்டு வர முடியும்? இன்ஷிராவின் பார்வை போக்கிடமில்லாமல் ஸக்லூலின் ரொட்டியில் போய் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"ஸக்லூல், அந்த ஏடு எங்க வாங்குன?"

"ஷஹாதாம்மாகிட்ட. யானை விலை சொல்றா உஸ்தாதா. உங்களுக்கும் வாங்கலாம்னுதான் நெனச்சேன், அப்புறம் நீங்க எனக்குக் குடுக்குற சம்பளம் ஞாபகத்துக்கு வந்துச்சு."

"ஊர்லதான் எருமையே இல்லையே. ஏடு எங்கேருந்துடா வந்துச்சு?"

ஸக்லூலின் தாடை அசைவது நின்றது. ஃபவ்கியா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, ரொட்டியின் மேல் இருந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். எருமைதான் என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் இன்ஷிராவுக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கை கொடுப்பது ஒருவிதத்தில் நிம்மதிக்காரரின் தொழில். வாக்குக் கொடுக்கவில்லை, விசாரிக்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினாள்.

ஷஹாதாம்மாவின் கடை என்பது கரும்பு ஏற்றும் ரயிலின் தண்டவாளம் ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு பெட்டி, இரண்டு சட்டி, ஒரு ஈரத்துணி. வக்கீலைப் பார்த்ததும் ஈரத்துணியைச் சட்டியின் மேல் இழுத்து மூடினாள். கண்டெடுத்த எருமை எதுவானாலும் அரசாங்க வழக்கறிஞர் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், ஏமாந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு பிரியும் என்று போன வாரமே தண்டோரா போட்டிருந்தார்கள். பால் யார் தருகிறார்கள் என்று கேட்டதற்கு அல்லாஹ் தருகிறான் என்றாள்.

"அல்லாஹ் தர்றாரு, சரி. தண்ணி கலக்குறது யாரு?" என்றான் ஸக்லூல்.

ஷஹாதாம்மாவுக்குக் கோபம் வந்தது, கோபத்தில் வாய் திறந்தது. தண்ணீர் கலக்கத் தெரிந்தவளாக இருந்தால் மூன்று பிள்ளைகளோடு ரயில் ரோட்டில் உட்கார்ந்திருப்பேனா என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினாள். பால் கொண்டு வருவது ஒரு பொம்பளை. சூரியன் விழுந்ததும் வருவாள். கறுப்புப் போர்வையால் கண் வரை மூடியிருப்பாள். ஊமை. கேட்டதற்கு எல்லாம் தலையாட்டுவாள், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், பேரம் பேச மாட்டாள்.

"ஆனா என்ன உசரம்ங்கற. காலு ஒவ்வொண்ணும் படகு. பால் பானையக் கையில புடிச்சுத் தூக்கிட்டு வர்றா. தலையில வைக்கத் தெரியாத பொம்பளய நான் இப்பத்தான் பாக்கறேன்."

ஆட்டோவுக்குத் திரும்பும் வழியில் ஸக்லூல் ஆழ்ந்து யோசித்தான். எங்கள் வீட்டில் தலையில் பானை வைக்கத் தெரியாதவன் நான் ஒருத்தன்தான், ஆனால் அந்த நேரத்தில் நான் உங்களோடு இருந்தேன், சாட்சி சொல்லுங்கள் என்றான். பொம்பளை இல்லை, ஆம்பளை என்பது அவனுக்கே புரிந்துவிட்டது. நிம்மதிக்காரரின் ஆள் எவனோ கரும்புக்குள் எருமையை ஒளித்து வைத்துப் பால் விற்கிறான், போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றான்.

இன்ஷிராவுக்கு அது ஒட்டவில்லை. லட்சக்கணக்கில் சுருட்டியவனின் ஆள் பால் சட்டி தூக்குவானா? பேரம்கூடப் பேசாமல்? இன்னொன்று. முகத்தை மறைக்க ஆயிரம் வழி இருக்கும்போது போர்வை எதற்கு?

"எருமை புதுக் கைக்கு மடி விடாது ஸக்லூல். பழகின பொம்பளையோட வாசனை வேணும் அதுக்கு. அவன் முகத்த மறைக்கிறதுக்காகப் போர்வை போடல. கறக்கறதுக்காகப் போட்டான். போட்டதக் கழட்டாம அப்படியே கடைக்கு வந்துட்டான்."

"அப்ப அந்த எருமையோட சொந்தக்காரி போர்வை அவன்கிட்ட இருக்கு."

"இருக்கு. வா, ஃபவ்கியா வீட்டுலேருந்து ஆரம்பிப்போம், போர்வை தொலஞ்சவங்க யாருன்னு கேப்போம்."

ஃபவ்கியாவின் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது அடுத்த வீட்டு வாசற்படியில் விஸால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முறம், முறத்தில் பொறுக்க ஒன்றுமில்லாத கொஞ்சம் பருப்பு, அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. ஃபவ்கியா கதவைத் திறந்ததும் விஸால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸக்லூல் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, போர்வை ஏதும் தொலைந்ததா என்று பொதுவாகக் கேட்டு வைத்தான்.

விஸால் சிரித்தாள், கேட்கச் சகிக்காத சிரிப்பு. எருமை போச்சு, பண்ணையை உடைத்த மறுநாள் கொடியில் காய்ந்த கந்தல் போர்வையும் போச்சு என்றாள். பக்கத்திலேயே நல்ல போர்வை காய்ந்தது, அதை விட்டுவிட்டுக் கிழிசலை எடுத்துப் போயிருக்கிறான், களவாணிக்குக்கூட என்னிடம் நல்லதை எடுக்க மனசு வரவில்லை.

உள்ளே தாபித் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நெடிய உடம்பு. கட்டில் போதாமல் கால்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. தூங்குகிறவனின் மூச்சு அல்ல அது.

இன்ஷிரா அந்தக் கால்களைப் பார்த்தாள். குதிகால் வெடிப்புகளில் கறுப்பு வண்டல், இன்னும் முழுசாகக் காயவில்லை. கணுக்காலில் கரும்புத் தோகையின் கீறல்கள். எந்தப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார் என்று ஃபவ்கியாவிடம் மெதுவாகக் கேட்டாள். இங்கே எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறார் என்றாள் அவள். அங்கே போகிற வழி முழுக்கத் தார் ரோடு.

வெளியே வந்ததும் இன்ஷிராவுக்கு மூச்சு லேசாகியிருந்தது. பண்ணையை உடைத்த அன்று தாபித் தன் எருமையை மீட்டுவிட்டான். தெரிந்தால் ஊர் பங்கு கேட்கும் என்று பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறான். ஒன்று மட்டும் உறுத்தியது. வீட்டிலேயே பெண்டாட்டியின் போர்வை இருக்க, பக்கத்து வீட்டுக் கந்தலை ஏன் எடுத்தான்? தன் வீட்டில் எடுத்தால் அவள் தேடுவாள் என்று எடுத்திருக்கலாம். அப்படி ஒரு பதிலைச் சொல்லி அந்த உறுத்தலை அமுக்கி வைத்தாள். பின்னால் அதற்காக வருத்தப்பட்டாள்.

சாயங்காலத் தொழுகைக்குத் தாபித் கிளம்பிப் போனதும் ஆட்டோவில் ஃபவ்கியாவை ஏற்றிக்கொண்டார்கள். எதுவும் பேசக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அவன் பாலத்தைத் தாண்டவில்லை. வாய்க்கால் கரையோடு திரும்பிக் கரும்புக்குள் நுழைந்தான். கரும்பு வெட்டு அந்தப் பக்கம் வரை வந்துவிட்டிருந்தது, இன்னும் ஒன்றிரண்டு நாளில் அந்த மறைப்பும் இருக்காது. தோகை முகத்தைக் கிழிக்க மூன்று பேரும் பின்னால் போனார்கள்.

நடுவில் கொஞ்சம் கரும்பை மிதித்து இடம் பண்ணியிருந்தான். ஒரு எருமை முளையில் கட்டியிருந்தது. மீசை வைத்த அந்த நெட்டை மனிதன் கிழிந்த கறுப்புப் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, மடிக்குக் கீழே குந்தி, பெண்குரலில் தாலாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டிருந்தான். எருமை காலை உதறியது. அவன் கெஞ்சினான். மறுபடி முனகினான். ஸக்லூலுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சி, அவன் சிரிக்கவில்லை.

"நவ்வாரா!" என்று ஃபவ்கியா கரும்பை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

எருமை காதைக்கூட அசைக்கவில்லை.

ஃபவ்கியா அதன் முன்னால் போய் நின்றாள். கொம்பைத் தொட்டாள், நெற்றியைத் தடவினாள். நவ்வாராவுக்கு நெற்றியில் கையகலம் வெள்ளை. இதற்கு முழுக் கறுப்பு. பிறகு அவள் கணவனையும் அவன் தலையில் இருந்த போர்வையையும் பார்த்தாள். அந்தக் கிழிசலை அவள் பக்கத்து வீட்டுக் கொடியில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள்.

அமுக்கி வைத்த உறுத்தலுக்கு இன்ஷிராவுக்கு இப்போதுதான் சரியான பதில் கிடைத்தது. சொந்தக்காரியின் வாசனை வேண்டும் என்று சொன்னவள் அவள்தானே. களவாணி நல்ல போர்வையை விட்டுவிட்டுக் கந்தலை எடுத்தது, கந்தலைக் கட்டிக்கொண்டுதான் விஸால் கறப்பாள் என்பதால்.

"இது விஸாலோட ஸுக்கரா" என்றாள் ஃபவ்கியா.

தாபித் எழுந்திருக்கவில்லை. ஒரு வாரமாகப் பேசாதவனின் குரல் கரகரத்தது.

"நவ்வாராவத் தேடித்தான் பண்ணைக்குப் போனேன். அவ தோலு செவத்துல காஞ்சிக்கிட்டிருந்துச்சு. நெத்தி வெள்ளையப் பாத்துத்தான் கண்டுக்கிட்டேன். இவ அங்க நின்னுக்கிட்டிருந்தா. நம்ம செவத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக் கெடந்தவதானே, என் குரலக் கேட்டுக் கிட்ட வந்தா. அவுத்துக்கிட்டு வந்துட்டேன். சத்தியமா அவ வீட்டுக்குத்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். தெரு மொனைக்கு வந்தப்ப, நீ வெறுங்கையோட உக்காந்திருக்கறது கண்ணுல வந்துச்சு. அவ வீட்டுக்கும் போக முடியல, நம்ம வீட்டுக்கும் போக முடியல."

அதனால்தான் அவளைத் திட்டவில்லை. அவளைத் திட்டுகிற யோக்கியதை தனக்குப் போய்விட்டது என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அவன் பேசாததைத் தண்டனை என்று அவள் ஒரு வாரமாகச் செத்துப் பிழைத்திருக்கிறாள்.

"பால் வித்து ஒரு கெடேரி வாங்கற அளவுக்குச் சேத்துட்டா, அத உனக்குக் குடுத்துட்டு இவளக் கொண்டுபோயி விஸால் வாசல்ல கட்டிரலாம்னு நெனச்சேன். ஒரு மாசம். மிஞ்சிப் போனா ரெண்டு மாசம்."

ஃபவ்கியா எருமையின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"நிம்மதிக்காரரும் இதத்தான சொன்னாரு. இப்பக் குடுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்கிக்கங்கன்னு."

தாபித் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டான். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. எருமை அவன் தலையை மோந்தது.

ஃபவ்கியா பால் பானையைப் பார்த்தாள். இன்ஷிராவைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடுவது இன்ஷிராவுக்குத் தெரிந்தது. இந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. வேறு கரும்புக்கு மாற்றிக் கட்டலாம். வீட்டில் ஒரு பிடி மாவு இல்லை.

"சட்டப்படி இந்த எருமைய நான் ஆபீஸ்ல ஒப்படைக்கணும்" என்றாள் இன்ஷிரா. "ஆனா சாயங்காலத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எருமையா கழுதையான்னே வெளங்கல. நீதான் சொல்லணும்."

ஃபவ்கியா குனிந்து முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். இழுத்தாள். ஸுக்கரா நகரவில்லை. தாபித் எழுந்து போர்வையைக் கழற்றப் போனான், பாதியில் நிறுத்தினான். இது இல்லாமல் அவள் நடக்க மாட்டாள் என்றான். கழற்றியதை மறுபடி தலையில் போட்டு, கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அப்படியே ஊருக்குள் போனார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு ஆள் பெண்பிள்ளைப் போர்வையில், கையில் எருமை, பின்னால் பெண்டாட்டி, அதற்கும் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும் ஆட்டோ. யாரோ ஒருத்தன் தாபித் பெயரைச் சொல்லி என்னவோ கேட்டான். அது யார் எருமை என்று இன்னொருத்தன் கத்தினான். சாவு வீட்டிலும் ஜோக் அடிக்கும் ஸக்லூல் ஹார்னைக்கூடத் தொடாமல் ஓட்டினான். தாபித் தலை குனியாமல் நடந்தான். நடக்க நடக்கப் பின்னால் கூட்டம் சேர்ந்தது.

தெருமுனை திரும்பியதும் ஸுக்கரா கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஃபவ்கியா வீட்டு வாசலைத் தாண்டி விஸால் வாசலில் போய் நின்று கத்தியது. கதவு திறந்தது. விஸால் வெளியே வந்தாள். எருமையையும் தாபித்தையும் அவன் தலையில் இருந்த தன் கந்தலையும் பார்த்தாள். எருமையின் கழுத்தில் கை வைத்தாள். அந்தக் கை பட்டதும் மடி தானாகச் சுரந்து பால் மண்ணில் சொட்டத் தொடங்கியது.

கூட்டத்தில் ஒருத்தன் இது எல்லோருக்கும் பொதுவான எருமை என்றான். விஸால் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் கூட்டத்துக்குள் பின்வாங்கினான். ஒருத்தர்கூட ஒரு எட்டு முன்னால் வைக்கவில்லை.

விஸால் மண்ணில் குந்தி உட்கார்ந்து மடியைப் பிடித்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். அந்த வாரத்தில் ஃபவ்கியாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உன் நவ்வாரா?"

ஃபவ்கியா இல்லை என்று தலையசைத்தாள். விஸால் பார்க்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டாள். ஃபவ்கியா சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காலையில் அழுத அழுகை இல்லை இது. காலையில் அவளுக்கு இன்னும் ஒரு எருமை பாக்கி இருந்தது.

விஸால் கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு கறந்தாள். பால் விரலிடுக்கில் வழிந்து தரையில் போனது.

"கீழ போகுது பாரு" என்றாள். "உன் வீட்டுலேருந்து ஒரு சட்டி கொண்டுவா."

ஃபவ்கியாவால் எழ முடியவில்லை. தலையில் இருந்த போர்வையைக் கழற்றக்கூட நிற்காமல், தாபித்தே ஓடினான்.